ஒரே பில்லுக்கு ஆசைப்பட்டேன், நாலு போனும் ஊமையானது

சேலம் அழகாபுரத்தில் எங்கள் தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி ஒரு கேபிளை அறுத்தது. ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் தனியாக இருக்கும் என் அப்பாவின் பட்டன் போன் அதனால் ஊமையாகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அதுதான் நடந்தது. வீட்டு நெட்டையும் குடும்பத்து போன் நம்பர்களையும் ஒரே பில்லில் கட்டிப்போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் என் கதையைப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் ஆதங்கம்.

முதலில் நான் ஏன் ஆசைப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசை நியாயமானதுதான். நான் வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறவள். செவ்வாய்ப்பேட்டையில் நாலைந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், லீ பஜாரில் இரண்டு கடைகள், இவர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் விடியற்காலை போய்விடுவார். மகன் பிளஸ் டூ. அம்மா தவறியபின் அப்பா மலையில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தோடு ஒண்டியாக இருக்கிறார், கீழே வரச் சொன்னால் வெயில் ஒத்துக்காது என்பார். ஆக நாலு நம்பர், நாலு தேதியில் ரீசார்ஜ், அது போக கேபிள் அண்ணனிடம் எடுத்த வீட்டு நெட் ஒன்று. 28 நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களே, அதனால் ரீசார்ஜ் தேதி மாதாமாதம் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அப்பாவின் ரீசார்ஜ் முடிந்ததே தெரியாமல் இரண்டு முறை விட்டிருக்கிறேன். இதற்கெல்லாம் ஒரே பில், ஒரே தேதி, ஒரே கஸ்டமர் கேர் என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு தம்பி. பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர், நாலு மொபைலும் போஸ்ட்பெய்டு, சினிமா பார்க்க இரண்டு ஓடிடி, எல்லாம் சேர்த்து 1,799 ரூபாய். "தனித்தனியா எடுத்தா 2,600 வருங்கக்கா, நீங்களே பாருங்க" என்று செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டினார். நானும் பார்த்தேன். அந்த 2,600 அவர்கள் கம்பெனியின் பட்டியல் விலை. நான் அதுவரை உண்மையில் கட்டிவந்தது எவ்வளவு என்று பார்த்தேனா? இல்லை.

அந்தக் கணக்கை பிறகு நவம்பரில் உட்கார்ந்து போட்டேன். எனக்கும் கணவருக்கும் மகனுக்கும் 299 ரூபாய் ரீசார்ஜ், அப்பாவுக்குப் பேசுவதற்கு மட்டும் 199. ஆக ஒரு சுற்றுக்கு 1,096. 28 நாள் சுற்று என்பதால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ், 14,248 ரூபாய். கேபிள் அண்ணனின் நெட் வரியோடு சேர்த்து மாதம் 590, வருடத்துக்கு 7,080. மொத்தம் 21,328, அதாவது மாதத்துக்கு 1,777 சில்லறை. இதைப் பார்த்தால் 1,799 கிட்டத்தட்ட சமம்தானே என்று தோன்றும். ஆனால் ப்ரீபெய்டு விலையில் வரி உள்ளேயே அடங்கிவிடும், போஸ்ட்பெய்டும் ஃபைபரும் விளம்பரத்தில் வரி இல்லாத விலையைத்தான் போடுகிறார்கள். 18 சதவீதம் சேர்ந்தால் 1,799 என்பது 2,122 ரூபாய் 82 காசு. மாதம் 345 ரூபாய் கூடுதல். வருடம் முழுக்க ஊரார் ஜிஎஸ்டியைக் கணக்குப் போடுகிறவள் தன் வீட்டு பில்லில் ஜிஎஸ்டியை மறந்தாள் என்று கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நீங்கள் மறக்காதீர்கள்: கம்பெனி காட்டும் பட்டியலோடு ஒப்பிடாமல், போன ஒரு வருடம் உங்கள் கையை விட்டுப் போன காசோடு ஒப்பிடுங்கள், அதுவும் வரியோடு.

இன்னொன்றும் அப்போது தோன்றவில்லை. அப்பா வைத்திருப்பது பட்டன் போன். அதில் நெட்டே கிடையாது. அதற்கும் சேர்த்து டேட்டாவுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் ரீசார்ஜ் விலையை ஏற்றியபோது இப்படிப் பேச மட்டும் போன் வைத்திருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற பேச்சு வந்தது. அந்த டிசம்பரிலேயே டேட்டா இல்லாமல் பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் தனி ரீசார்ஜ் தரவேண்டும் என்று போன் கம்பெனிகளுக்கு விதி போடும் மத்திய ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. பெரியவர்கள் போனுக்கு அது போதும். அப்படி ஒரு வழி இருக்கும்போது கூட்டத்தோடு கூட்டமாக அவரையும் பில்லில் ஏற்றினேன்.

அவருடைய நம்பர் வேறு கம்பெனியில் இருந்தது, அதை இங்கே போர்ட் செய்தார்கள், அதாவது நம்பர் அதேதான், கம்பெனி மட்டும் மாறும். மூன்று நாளில் மாறியது. நாலாவது நாள் அப்பா கூப்பிட்டு, "கண்ணு, வீட்டுக்குள்ள சிக்னலு வரல, பலாமரத்தடிக்கு வந்துதான் பேசறேன்" என்றார். ஏற்காடு டவுனில் எல்லா கம்பெனியும் எடுக்கும். நாகலூர், செம்மநத்தம் என்று உள்ளே போனால் ஒரு மேட்டில் ஒன்று எடுக்கும், அடுத்த பள்ளத்தில் இன்னொன்று எடுக்கும், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் எதுவும் எடுக்காது. அங்கே இருக்கிறவர்களுக்கு எந்த சிம் எந்தத் திண்ணையில் எடுக்கும் என்று மனப்பாடம். நான் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுத்துவிட்டேன். ஒருமுறை போர்ட் செய்துவிட்டால் 90 நாள் வரை திரும்பப் போர்ட் செய்ய முடியாது. அதனால் 72 வயது மனிதர் மாதக்கணக்கில் மழையிலும் பனியிலும் பலாமரத்தடியில் நின்று என்னோடு பேசினார். மலையில் யாருக்காவது நம்பர் மாற்றுவதாக இருந்தால், அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் யாரையாவது அவர்கள் வீட்டுக்குள், சமையல்கட்டில், படுக்கும் அறையில் நிற்கவைத்து ஒரு போன் பேசச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நன்றாகவே போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கேபிள் அண்ணனின் நெட் மின்தடை வந்தால் போய்விடும், இது யூபிஎஸ்ஸில் நின்றது. வேகமும் நல்ல வேகம். மகன் மட்டும் "100ன்னு சொன்னாங்க, டவுன்லோடு 12தான் காட்டுது" என்று குறைப்பட்டான். அது ஏமாற்று இல்லை. கம்பெனி சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட், எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை வரும், சரியாகத்தான் இருந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 4 காலை மோடத்தில் ஒரு விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டியது. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும். அது சிவப்பானால் மோடத்தை அணைத்துப் போடுவதில் பயனில்லை, வெளியிலிருந்து ஃபைபர் வழியாக வரவேண்டிய வெளிச்சம் வரவில்லை, அல்லது போதவில்லை என்று அர்த்தம். கஸ்டமர் கேரில் இது தெரியாதவர்கள் மாதிரி மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னார்கள். புகார் எண் வந்தது. 24 மணி நேரத்தில் சரியாகும் என்று எஸ்எம்எஸ். மறுநாள் மாலை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொரு எஸ்எம்எஸ், சிவப்பு விளக்கு அப்படியே. திரும்பக் கூப்பிட்டால் புதுப் புகார் எண். இப்படி 17 நாளில் மூன்று எண்கள். இதில் இருக்கும் சூட்சுமம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. புது எண் விழும்போதெல்லாம் அவர்கள் கணக்கில் உங்கள் பழுது இன்றைக்குத்தான் பிறக்கிறது. சரியாகாமல் மூடினால் புதுப் புகார் கொடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள், பழைய எண்ணையே திறக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், புதுப் புகாரின் விவரத்தில் பழைய எண்ணைச் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததை வாசிக்கவும் சொல்லுங்கள். சிவப்பு விளக்கைத் தேதி தெரியும்படி தினமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நான் மூன்று போட்டோ எடுத்திருந்தேன், வேறு காரணத்துக்காக, கணவருக்கு அனுப்பிப் புலம்ப. அதுதான் கடைசியில் காப்பாற்றியது.

ஆறாம் நாள் ஒரு டெக்னீசியன் தம்பி வந்தார். கம்பெனி ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள், ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கூலி. பாவம், அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. மோடத்தின் பின்னாலிருந்து பச்சை முனையைக் கழற்றி, வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் கையடக்கமான ஒரு மீட்டரில் செருகிக் காட்டினார். மைனஸ் 31. "மைனஸ் 25க்குப் பக்கமாவது வரணுங்கக்கா, இது எங்கயோ மடங்கிக் கெடக்கு இல்லாட்டி அரகுறையா அறுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, மாடியில் போய் ஒயரைப் பார்த்து, தெருமுனை வரை நடந்துபோய், திரும்பி வந்து தண்ணீர் கேட்டார். குழி தோண்டியவர்கள் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள், உள்ளே மெயின் கேபிளே போயிருக்கிறது, அதற்கு வேறு டீம் வரவேண்டும். அந்த வேறு டீம் செப்டம்பர் 21 அன்று வந்தது.

நடுவில் 20ஆம் தேதி. ஜிஎஸ்டி வேலை செய்கிறவர்களுக்கு 20ஆம் தேதி என்றால் என்னவென்று தெரியும், மற்றவர்களுக்கு: அன்றைக்குள் 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் ஆகவேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். அது நாலு பேருக்கும் பொதுவான டேட்டா, நான் ஒருத்தியே குடித்துத் தீர்த்தேன். கூடுதல் டேட்டாவுக்கு வரியோடு 236 ரூபாய் பில்லில் ஏறியது. அவர்கள் நெட் வேலை செய்யாததற்கு அவர்களிடமே டேட்டா வாங்கியிருக்கிறேன், இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது. அப்படியும் இரண்டு பேருடையது இரண்டு நாள் தாமதமானது. நாளுக்கு 50 வீதம் 200 ரூபாய், என் கையிலிருந்து கட்டினேன். 200 ரூபாய் பெரிதில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட தாமதக் கட்டணம் வராமல் பார்த்துக்கொண்டவள் நான்.

அந்த மாத பில் 28ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 17 நாள் இல்லாத நெட்டுக்கு முழு வாடகையும், மேலே அந்த 236-ம். பில்லைப் பிரித்தால் வீட்டு நெட் 799, மொபைல் 1,000 என்று தனித்தனியாகத்தான் போட்டிருக்கிறது. மொபைலுக்கு உண்டானதை மட்டும் கட்டிவிடலாம் என்று ஆப்பில் பார்த்தால் தொகையைக் குறைக்க இடமே இல்லை, முழுசாகக் கட்டு அல்லது விடு. கஸ்டமர் கேரில் ஒரு பெண், "மேடம், நீங்க வெயிட் பண்ணுங்க, அட்ஜஸ்ட் பண்ணி புது பில் அனுப்புவாங்க" என்றாள். நானும் கட்டாமல் வெயிட் பண்ணினேன்.

இங்கேதான் நான் செய்த மகா தப்பு. வாய்வார்த்தையை நம்பினேன். வீட்டு நெட் தகராறு வீட்டு நெட்டோடு நிற்கும் என்று நினைத்தேன். அக்டோபர் 9 காலை நாலு நம்பரிலிருந்தும் வெளியே பேச முடியவில்லை. ஓசூரில் அவர், ஸ்கூலில் பையன், மலையில் அப்பா, மூவருக்கும் அந்த ஃபைபரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பில் ஒன்று, அதனால் பூட்டும் ஒன்று. அன்றைக்கே கட்டியிருக்கலாம். எனக்கு வீம்பு. உள்ளே வருகிற கால் வருகிறதே, ஓடிபி வருகிறதே, புது பில் வரட்டும் என்று இருந்தேன். 13ஆம் தேதி அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம்தான் நம்பர் என்பது என்ன என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு வைஃபையில் உட்கார்ந்து சரி, கட்டித் தொலைக்கலாம் என்று கார்டைப் போட்டால், ஓடிபி வரவேண்டிய நம்பரே முடங்கிக் கிடக்கிறது. பில் கட்டினால்தான் ஓடிபி வரும், ஓடிபி வந்தால்தான் பில் கட்டலாம். கணவர் யாரோ நண்பரின் போனிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டினார். பக்கத்து வீட்டு அக்கா போனிலேயே அப்பாவைக் கூப்பிட்டேன். அந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னது. அன்று ராத்திரி நல்ல மழை. மலைப்பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது, மாடியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும், வெளிச்சம் விழும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்தபோது அவர் தினமும் ரெண்டு தடவை பேசியதால்தான் நான் நிம்மதியாக இருந்தேன். இப்போது அவருக்கு என்னைக் கூப்பிடவும் முடியாது, நான் கூப்பிட்டாலும் போகாது. அக்கம்பக்கத் தோட்டத்துக்காரர் ஒருவரின் நம்பராவது வாங்கி வைத்திருக்கிறேனா என்றால், இல்லை. இத்தனை வருடமாக அப்பாவின் ஒரே நம்பர், அது போதும் என்று இருந்திருக்கிறேன்.

விடிந்ததும் முதல் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவும் அன்றைக்கு நாற்பதாகத் தெரிந்தது. ஏற்காட்டில் இறங்கி நாகலூர் வண்டிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்தேன். போனால் அப்பா திண்ணையில் உட்கார்ந்து மிளகுக் கொடிக்குக் கட்டக் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "ஏங்கண்ணு, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?" என்கிறார். எப்படிச் சொல்வது! போன் என்னாச்சு என்று கேட்டால், ரிப்பேர் என்று நினைத்து நேற்றே ஏற்காடு கடையில் கொடுத்தாராம், கடைக்காரர் பார்த்துவிட்டு பேட்டரி வீக் என்று 350 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்திருக்கிறார். "அப்பவும் போவலியே கண்ணு, சரி, மழைக்கு டவர் படுத்துக்கிச்சுன்னு நெனச்சேன்." பில் கட்டாததால் நிறுத்திவிட்டார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாழ்நாளில் ஒருத்தனுக்கும் பாக்கி வைக்காத மனிதர். டவர்தாம்பா என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கீழே இறங்கி நேராக ஐந்து ரோட்டில் இருக்கும் அவர்கள் ஷோரூமுக்குப் போய் ரொக்கமாகக் கட்டினேன். அரை மணி நேரத்தில் நாலு போனும் உயிர் பெற்றன. கோபத்தில் அன்றைக்கே செய்த ஒரு நல்ல காரியம், பணம் கட்டிய ரசீதின் நகலில் "799 குறித்த என் புகார் நிலுவையில் உள்ளது, அதை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதி, அங்கிருந்த பெண்ணிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினேன். அவளுக்கு அது எதற்கென்றே தெரியவில்லை, போட்டுக் கொடுத்தாள்.

பட்டறைக்காரர் ஒருவரின் மகன் வக்கீல், அவர்தான் வழி சொன்னார். டிராய்க்கு எழுதலாம் என்று இருந்தேன், தனிநபர் புகாரை டிராய் எடுத்துத் தீர்க்காது என்றார். முறை இதுதான்: முதலில் கம்பெனியில் புகார் எண், அதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும், அவர் ஈமெயில் அவர்கள் வலைத்தளத்திலேயே எங்கோ அடியில் கிடக்கும். 30 நாளுக்குள் முறையிட வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். என் மூன்றாவது புகார் மூடப்பட்டு 25 நாள் ஆகியிருந்தது, இன்னும் ஐந்து நாள் வீம்பு பிடித்திருந்தால் அந்த வாசலும் சாத்தியிருக்கும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன், அதில் தமிழிலேயே பேசினார்கள். பழுது மூன்று நாளுக்கு மேல் போனால் வாடகையில் கழிவு தரவேண்டும், 15 நாளைத் தாண்டினால் ஒரு மாத வாடகை முழுசும் என்று டிராயின் சேவைத்தர விதிகளில் இருக்கிறது. என் பழுது 17 நாள். மூன்று எண்களாக உடைத்ததால் அவர்கள் பதிவில் எந்தப் பழுதும் 15 நாளைத் தொடவில்லை. அங்கேதான் அந்த சிவப்பு விளக்குப் போட்டோக்கள் உதவின, செப்டம்பர் 5, 12, 19.

இதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். டெலிபோன் தகராறுக்கு அங்கே போக முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது பழைய கதை, போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. அதுவரை போகவேண்டியிருக்கவில்லை. நவம்பர் மூன்றாவது வாரம் மேல்முறையீட்டில் 799-ம் அதற்கான வரியும், 942 ரூபாய் 82 காசு, பில்லில் கழித்தார்கள். எண்களை முடக்கியதற்கு "சிஸ்டம் தானாகச் செய்தது" என்று ஒரு வரி. மன்னிப்பு என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை, இரண்டு தடவை தேடினேன்.

அதற்குப் பிறகு கூட்டிலிருந்து வெளியே வருவது தனி அலுப்பு. ஒரு நம்பரை மட்டும் எடுத்தால் மீதிக்குக் கொடுத்த தள்ளுபடி போய்விடும், அதனால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். போர்ட் என்று போட்டு நம்பரையும் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும், நாலு நாள்தான் செல்லும். போஸ்ட்பெய்டில் கெடு தாண்டிய பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும் அந்தக் குறியீடே வராது, ஆகையால் தகராறு பண்ணிக்கொண்டே வெளியேறலாம் என்று நினைக்காதீர்கள், கட்டிவிட்டுத்தான் சண்டை. போன பிறகும் கடைசி பில் ஒன்று வரும், அதைக் கட்டாமல் விட்டால் புதுக் கம்பெனியிலும் நம்பரை முடக்க வைப்பார்கள். அப்புறம், நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மகனுடையதும் அப்பாவுடையதும் என் பெயரில் இருந்ததால் என் ஆதாரோடு வேலை முடிந்தது. மாமியார் பெயர், மச்சினர் பெயர் என்று இருந்தால் அவர்கள் வரவேண்டும்.

ஃபைபர் போட்டபோது "இன்ஸ்டாலேஷன் இலவசம்" என்றார்கள். ஆறு மாதம் இருந்தால்தான் இலவசமாம். நான் விலகியது ஐந்தே சொச்சம் மாதத்தில், கடைசி பில்லில் 1,500-ம் வரியும் சேர்த்து 1,770 வந்தது. அது விண்ணப்பத்தில் இருந்தது, நான் படிக்கவில்லை, அதனால் சண்டை போடவில்லை. மோடத்தை எடுக்க வந்தவரிடம் வரிசை எண் எழுதிய ரசீது கேட்டேன், இல்லை என்றார், மோடத்தை அவர் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டேன். எல்லாம் போக நான் நிகரமாக விட்டது, கூடுதலாகக் கட்டிய மாதாந்திரத்தையும் சேர்த்தால் 3,340 ரூபாய் சுமார், பஸ்ஸும் ஆட்டோவும் தனி. நேரத்தை எழுதப்போனால் அழுகை வரும்.

சேர்த்து எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டு நெட்டும் டிவியும் ஓடிடியும் ஒரு பில்லில் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, முடங்கினால் சீரியல் போகும், அவ்வளவுதான். பேங்கும் ஆதாரும் கேஸும் கட்டிப்போட்டிருக்கும் போன் நம்பரை அதில் சேர்க்காதீர்கள். அப்படியே சேர்த்தாலும் வீட்டில் ஒரு நம்பராவது வேறு கம்பெனியில், ப்ரீபெய்டில் வெளியே இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் விற்க வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நெட் பில்லில் தகராறு என்றால் மொபைலை நிறுத்துவீர்களா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். டிசம்பரில் இன்னொரு கம்பெனித் தம்பி வந்தார், கேட்டேன், கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான்.

இப்போது வீட்டில் பழையபடி கேபிள் அண்ணன் நெட். "நாந்தான் அப்பவே சொன்னேனே தங்கச்சி" என்றார், அவர் ஒன்றும் சொல்லவில்லை, இருந்தாலும் ஆமாண்ணா என்று விட்டுவிட்டேன். கரண்ட் போனால் நெட்டும் போகிறது. எனக்கும் மகனுக்கும் ஒரு கம்பெனி, கணவருக்கு வேறு, அப்பாவுக்கு அவருடைய பழைய கம்பெனியில் டேட்டா இல்லாத ரீசார்ஜ். வீட்டுக்குள் உட்கார்ந்தே பேசுகிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர், ஏற்காட்டில் அவர் காப்பிக்கொட்டை போடும் கடை நம்பர் இரண்டையும் வாங்கி, செல்போனில் மட்டுமில்லாமல் காலண்டர் அட்டையிலும் எழுதியிருக்கிறேன்.

பொங்கலுக்குப் போனபோது அப்பாவின் பீரோவில் பழைய பேட்டரி ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது. இது எதுக்குப்பா என்றேன். "கடைக்காரன் திருப்பிக் குடுத்துட்டான் கண்ணு, நல்லாத்தான் இருக்கு, எதுக்காவது ஆவும்" என்றார்.